நன்றியுரை முடியும் வரை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. எந்தப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன். என் மருமகன் எழுதிய புத்தகம் மட்டும் வேண்டாம்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் மதியம் இரண்டரைக்குக் கருத்தரங்கு. பொதுமக்களும் வரலாம் என்று வாசலில் ஒட்டியிருப்பார்கள். வருவார்கள், அரங்கில் ஏசி உண்டு. பேச்சு, கேள்விகள், நன்றியுரை, அதன் பிறகுதான் தேநீர். நன்றியுரை முடியாமல் எழுந்து போகக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் முப்பத்தோரு வருடத்தில் ஒருவரும் எழுந்ததில்லை. ஒருமுறை மேடைத் திரை தீப்பிடித்தபோதுகூட, நான் "இறுதியாக" என்ற பிறகுதான் கலைந்தார்கள். ஓய்வு பெற்ற பின்னும் நன்றியுரை என் தலையில்தான். பேச்சுக்கு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

அன்று பேச வந்தவர் என் மருமகன். அவரும் பேராசிரியர். தலைப்பு, போய்ச் சேராத கடிதங்கள்; அவர் புத்தகத்தின் பெயரும் அதுதான். முகவரி தவறி ஆவணக் காப்பகத்தில் குவிந்துகிடந்த நாலாயிரம் கடிதங்களைப் பத்தொன்பது வருடம் உட்கார்ந்து கையால் படியெடுத்தவன் நான். "அவர் சும்மா புரட்டிப் பார்த்துட்டுத் தரட்டுமேப்பா" என்று என் மகள்தான் நோட்டுகளை வாங்கிப் போனாள்.

பேச்சு நன்றாகவே இருந்தது. என் தப்புகள் உட்பட எல்லாம் அப்படியே இருந்தன. கடைசியில் திரையில் நன்றிப் பட்டியல் போட்டார். இருபத்தேழு பேர். இருபத்தாறாவது, அவர்கள் வீட்டுப் பூனை. நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

கோபமெல்லாம் இல்லை. நன்றியுரையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

துணைவேந்தரில் தொடங்கினேன். மைக் வைத்தவர், நாற்காலி செய்த தச்சர், அந்த மரத்தை நட்டவர். பிறகு கடிதம் எழுதிய நாலாயிரம் பேர், பெயர் பெயராக, ஆளுக்கு ஒரு வரி. எனக்கு எல்லாம் மனப்பாடம்.

நூலகர் பக்கத்தில் இருந்த துறைத்தலைவியிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது.

"இந்த மனுஷன் இன்னைக்கு நம்மள விடமாட்டார் போல."

"எழுந்து போங்களேன்."

"நீங்க முதல்ல எழுந்திரிங்க மேடம். நான் பின்னாலயே வர்றேன்."

இரண்டு பேரும் எழவில்லை.

நூற்றிருபதாவது பெயரில் மருமகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மாமா, போதும் மாமா. என் மாத்திரை ஆபீஸ் ரூம்ல பையில இருக்கு. நாலு மணிக்குப் போட்டாகணும். இல்லேன்னா நெஞ்சை அடைக்கும்."

"இதோ முடிஞ்சுது மாப்பிள்ளை. உட்காருங்க."

மரியாதை தெரிந்த பிள்ளை. உட்கார்ந்தார்.

புதன்கிழமை மதியம் இரண்டாயிரத்தைத் தாண்டினேன். கூட்டம் பொறுமையாக இருந்தது. மருமகன்தான் தரையில் சாய்ந்துவிட்டார். "உங்க பேரைப் போடாதது தப்புதான் மாமா. அடுத்த பதிப்புல போட்டுடறேன். உங்க மகளை நினைச்சுப் பாருங்க."

நினைத்தேன். நோட்டுகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காக அவளுக்குத் தனியாக ஒரு நன்றி சொன்னேன்.

மூவாயிரத்துச் சொச்சத்தில் அவருடைய மூச்சு நின்றது. நான் கவனிக்காமல் இல்லை. அங்கே நிறுத்தியிருந்தால் மீதி எண்ணூறு பேருக்கு யார் நன்றி சொல்வது? அவர்களை இத்தனை வருடமாக யாரும் கண்டுகொண்டதில்லை. எல்லாரையும் முடித்துவிட்டு, கடைசிவரை இருந்து கேட்டதற்காக மருமகனுக்கும் சொன்னேன். அரங்கம் கைதட்டியது.

அவரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: கதவு திறந்துதான் இருந்தது, நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் எழுந்து போய் அந்தப் பையை எடுத்து வந்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலை, உள்பக்கம் தாழிட்டிருந்த கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர்கள் கண்டது எங்கள் இரண்டு பேரை மட்டும்தான்.