ஒன்பதாயிரத்து அறுநூறு

கம்பி வழியாகப் பேசும் இரண்டு கருவிகளுக்கு நிபந்தனை ஒன்றுதான், மேடம். இரண்டும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் பேசினால் வந்து சேருவது வெறும் கிறுக்கல். எங்கள் ஊர் கவதார்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கே இதை நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடினமான விஷயமே இல்லை.

கோச்சோவின் ஒயின் ஆலையில் நிலவறைக்கு அந்த ஏற்பாட்டைச் செய்தது நானும் கிளிகோரும். பள்ளி நாளிலிருந்தே நண்பர்கள். திராட்சைச் சாறு பொங்கும் நாட்களில் தொட்டிகளிலிருந்து கரியமில வாயு வழிந்து தரையோடு தேங்கும். கண்ணுக்குத் தெரியாது. நாலு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். கிளிகோர் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு செய்து நிலவறையில் பொருத்தினான். அது வாயுவை அளந்து நொடிக்கு ஒரு எண்ணைக் கம்பியில் அனுப்பும். மேலே அலுவலகக் கம்ப்யூட்டரில் என் நிரல் அதை வாங்கி, ஆபத்தில்லை என்றால் பச்சையும் ஆபத்து என்றால் சிவப்பும் காட்டும். எண் வராவிட்டால் திரை சாம்பல் நிறமாகி, ‘தொடர்பு இல்லை’ என்று சொல்லும்.

முன்பெல்லாம் எரியும் மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே போவார்கள். இனி அது வேண்டாம் என்று சொன்னவன் நான்.

கம்பி நாற்பது மீட்டர் நீளம். அடிக்கடி திரை சாம்பலானது. அறுவடை விருந்தில் எல்லார் முன்னாலும் கோச்சோ கேட்டார்: “என்னப்பா ஸ்லாவ்சோ, உன் கம்ப்யூட்டருக்கு அப்பப்ப மயக்கம் வருதாமே. ஒரு கிளாஸ் ரக்கியா ஊத்திப் பாரேன்.” மேசை முழுக்கச் சிரித்தது. நிலவறையில் வேலை பார்க்கும் ஸ்தோய்னா அக்கா மட்டும், “சும்மா இருங்க. தம்பி இதை வெச்ச அப்புறந்தான் நான் பயமில்லாம கீழ போறேன்” என்றார். என் மனதில் நின்றது சிரிப்புதான். மறுநாள் நிரலில் மூன்று வரி சேர்த்தேன். எண் வராவிட்டாலும், கிறுக்கலாக வந்தாலும், கடைசியாக வந்த நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிரு. அதன்பின் சாம்பல் நிறம் வரவே இல்லை. கோச்சோ என் முதுகில் தட்டிக் கொடுத்தார். கிளிகோரிடம் இதைச் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவன் ஆலையிலிருந்து கூப்பிட்டான். “டேய், இந்தக் கம்பி நீளத்துக்கு வேகம் ரொம்ப அதிகம்டா. போர்டுல ஒன்பதாயிரத்து அறுநூறுக்குக் குறைச்சிட்டேன். நீயும் உடனே வந்து மாத்திடு. இல்லேன்னா ரெண்டும் பேசிக்காது.” நான் குளிர்காலத்துக்காக முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கரி. தவிர, கோளாறைக் கண்டுபிடித்தவன் அவன் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. மாலையில் மறுபடி கூப்பிட்டு, “மாத்திட்டியா?” என்றான். “மாத்திட்டேன்” என்றேன்.

அந்த மதியத்திலிருந்து என் நிரலுக்கு வந்ததெல்லாம் கிறுக்கல்தான். ஆகவே அது செவ்வாய்க்கிழமையின் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு பச்சையாகவே நின்றது. புதன்கிழமை மூன்று தொட்டிகளில் புதுச் சாறு நிரப்பினார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, யாரிடமும் சொல்லாமல் மாற்றிவிடலாம் என்று நான் போனேன்.

ஐந்து நிமிடம் முன்புதான் ஸ்தோய்னா அக்கா திரையைப் பார்த்துவிட்டுக் கீழே போயிருக்கிறார். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் படிக்கட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது, அக்கா விழுந்து கிடக்கிறார் என்று. அவர் கணவர் ப்லாஜே, டிராக்டர் ஓட்டுபவர், மனைவியைத் தூக்க இறங்கினார். அவரும் ஏறி வரவில்லை. நான் வேகத்தை மாற்றினேன். மூன்று வரிகளையும் அழித்தேன். திரை சிவப்பானது. பிறகு ஜன்னலைத் திறந்து, “சிவப்பு காட்டுது, யாரும் இறங்காதீங்க” என்று கத்தினேன். படியில் கால் வைத்திருந்த மூன்று பேர் நின்றார்கள். கோச்சோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். “நீ மட்டும் இல்லேன்னா இன்னும் மூணு பேர் போயிருப்பாங்கப்பா.”

உங்கள் போலீஸ் ஆட்கள் வந்து பார்த்தபோது என் நிரல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. போர்டுதான் அதுவரை தவறான எண் அனுப்பியது என்றேன். இரண்டு நாள் முன்பு கிளிகோர் அதில் கை வைத்தான் என்றும் சொன்னேன். கை வைத்தது உண்மைதானே. கடைசியில் அவனே அதை நம்பிவிட்டான். இரண்டு சாவுக்கும் அவனைப் பொறுப்பாக்கிச் சிறையில் வைத்தார்கள். போன வாரம் அங்கே அவனைப் பார்க்கப் போனேன். மேசைக்கு மேல் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என் போர்டால உன் பேரும் கெட்டுச்சேடா. மன்னிச்சிருடா” என்றான். நான் “பரவாயில்லடா” என்றேன். அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

நடுவில் ஒரு நிமிடத்தை விட்டுவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ப்லாஜே நேரே நிலவறைக்கு ஓடவில்லை. தொழில் தெரிந்தவர், பதற்றத்திலும் நிதானம் உள்ளவர். முதலில் அலுவலக வாசலுக்குத்தான் வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, “தம்பி, என்ன காட்டுது? இறங்கலாமா?” என்று கேட்டார். அந்த எண் இரண்டு நாள் பழையது என்று எனக்குத் தெரியும். இறங்காதீங்க என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

“பச்சைதான் அண்ணே” என்றேன்.

திரையில் அப்போது பச்சைதான் இருந்தது, மேடம். அந்த ஒன்றை மட்டும் பொய் என்று எழுதிவிடாதீர்கள்.