ஏர் கூலர் மாப்பிள்ளை

ஒத்திகைக்கு ஆட்கள் நேரத்துக்கு வர வேண்டுமென்றால் போண்டா சூடாக இருக்க வேண்டும், சார். பத்தொன்பது வருடமாக டெல்லியில் தமிழ் நாடகம் போட்டதில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. ஆறரை மணிக்கு ஒத்திகை என்று வாட்ஸ்அப்பில் போட்டால் எட்டு மணிக்கு வருவார்கள். ஆறரைக்குப் போண்டா என்று போட்டால் ஆறு இருபதுக்கே காலிங் பெல் அடிக்கும்.

இன்ஸ்பெக்டர் ரத்தினவேல் என்றுதானே சொன்னீர்கள். நல்ல குரல் உங்களுக்கு. சற்றுமுன் அந்தக் கான்ஸ்டபிளைப் பார்த்து "பையா, தோ சாய்" என்று இரண்டு டீ கேட்டீர்களே, அது கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். மைக்கே வேண்டாம்.

என் பெயர் கஸ்தூரிரங்கன், வயது அறுபத்தெட்டு. ஒரு அமைச்சகத்தில், ஊழியர்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் விஜிலென்ஸ் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவன். கிட்வாய் நகரில் என் மகள் வைஷ்ணவிக்குக் கொடுத்திருக்கும் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். போண்டா போட்டதைத் தவிர அவளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகைக்கு வர வைப்பதற்குப் போண்டா போதும். ஊரை விட்டுப் போகாமல் வைப்பதற்குத்தான் வேறு வழி வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லோரும் சென்ட்ரல் கவர்ன்மென்ட். வசனமெல்லாம் மனப்பாடமாகி, நாடகம் மூக்கும் முழியுமாக வரும் நேரத்தில் ஹீரோவுக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்து நிற்கும். மற்ற குழுக்களில் இப்படி எத்தனையோ நாடகங்கள் பாதியில் நின்றிருக்கின்றன. எங்கள் குழுவில் ஒருவர்கூட நடுவில் போனதில்லை. நோய்டா தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் "உங்களுக்கு ராசி சார்" என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

போன வருடம் நான் எழுதியது 'ஏர் கூலர் மாப்பிள்ளை'. டெல்லி வெயிலுக்கு மாமனார் வீட்டு ஏர் கூலரை விட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மாப்பிள்ளையின் கதை. முழுக்க முழுக்கத் தமாஷ். மாப்பிள்ளையாக ஜெயகிருஷ்ணன். திருச்சிப் பையன், முப்பத்தைந்து வயது, அசிஸ்டென்ட் செக்‌ஷன் ஆபீசர். மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு ஜோக் சொல்வான். அந்த வரம் லேசில் யாருக்கும் கிடைக்காது.

அவன் மனைவி சுபாஷிணி திருச்சியில் அரசுப் பள்ளி டீச்சர். அந்த வேலையை இங்கே தூக்கிக்கொண்டு வர முடியாது. அதனால் அவன் இங்கே, அவளும் மகள் அகல்யாவும் அங்கே. செப்டம்பரில் ஒரு சாயங்காலம் காஜு கத்லி டப்பாவோடு வந்தான்.

"மாமா, கெடச்சுடுச்சு. திருச்சியிலேயே போட்டுட்டாங்க."

"பேஷ். எப்படா?"

"முப்பதாம் தேதி ரிலீவ் ஆகணும். விஜயதசமிக்கு அகல்யாவ ஸ்கூல்ல சேக்கறோம், நான் பக்கத்துல இருக்கணும் மாமா. போன மாசம் ஊருக்குப் போனேன்ல, என்னைப் பாத்துட்டு உள்ள ஓடிப் போய் போனை எடுத்துட்டு வர்றா. 'எங்கப்பா இதுக்குள்ள இருக்காரு, பேசறீங்களா'ன்னு என்கிட்டயே கேக்கறா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் கண் நிறைந்துவிட்டது. மூன்றரை வயதுக் குழந்தை, சார். அவனைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டபடியே கணக்குப் போட்டேன். நாடகம் நவம்பர் பதினாறு. வித்தியாசம் நாற்பத்தேழு நாள்.

அன்றைக்கே அவன் அலுவலகத்துக்கு அவன் மேல் ஒரு புகார் எழுதினேன். அந்த வேலையில் எனக்கு அனுபவம் உண்டு. பெயரில்லாத மொட்டைக் கடிதம் நேரே குப்பைக்குப் போகும். பெயரும் முகவரியும் வேண்டும். "இதை எழுதியது நீங்கள்தானா" என்று அலுவலகம் கேட்டு எழுதும், அதற்கு ஒழுங்காகப் பதில் போக வேண்டும். மாடி வீட்டு பாலசுப்ரமணியம் முட்டி ஆபரேஷனுக்காகப் பெங்களூர் போயிருந்தார். துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை என்னிடம்தான் கொடுத்திருந்தார். அவருக்கு வரும் தபாலையும் நான்தான் எடுத்து வைப்பேன். அவர் பெயரில் எழுதினேன், அவர் பெயரிலேயே பதிலும் போட்டேன்.

ஜெயகிருஷ்ணன் நான்காவது ஆள். முதல் மூன்று பேருக்கும் நாடகம் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. ஒருவர் இன்றும் தீபாவளிக்கு ஸ்வீட் அனுப்புகிறார்.

என்ன புகார் என்று கேட்கிறீர்கள். எல்.டி.சி.தான். குடும்பத்தோடு அரசுச் செலவில் ஊர் சுற்றி வரும் சலுகை. முந்தின வருடம் மூன்று பேரும் அந்தமான் போய் வந்தார்கள். போகவே இல்லை, போலி டிக்கெட் என்று எழுதினேன். அவர்கள் போன விமானக் கம்பெனியை அதற்குள் மூடிவிட்டார்கள், யாரிடமும் கேட்டுச் சரிபார்க்க முடியாது. ஆனால் மூன்று போர்டிங் பாஸையும் அவன் பத்திரமாக வைத்திருந்தது எனக்குத் தெரியும். மூவரும் சேர்ந்து போன ஒரே பயணம் என்று ஒத்திகையில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறான். அதனால்தான் அந்தப் புகாரைத் தேர்ந்தெடுத்தேன். நினைத்த நாளில் அவிழ்க்க முடியாத முடிச்சை நான் யாருக்கும் போட்டதில்லை.

விசாரணை என்று வந்ததும் டிரான்ஸ்பரை நிறுத்தி வைத்தார்கள். அவன் நேரே என்னிடம்தான் வந்தான். விஜிலென்ஸ் சிக்கல் என்றால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். பதிலையும் நானே டிராஃப்ட் செய்து கொடுத்தேன். புகாரும் என் கை, பதிலும் என் கை. இரண்டுமே நன்றாக வந்திருந்தன.

"போர்டிங் பாஸை இப்பவே காட்டாதேடா. எல்லாத்தையும் முதல்லயே எறக்கிடக் கூடாது. எங்கிட்ட குடு, நேரம் பாத்து நான் எடுத்துத் தரேன்."

"பத்திரம் மாமா. அது ஒண்ணுதான் இருக்கு."

நாடகப் பிரதியின் நாற்பத்தோராம் பக்கத்தில் வைத்தேன். நான் தினமும் புரட்டும் புத்தகம். அதைவிடப் பத்திரமான இடம் என் வீட்டில் இல்லை.

விஜயதசமி அன்று குழந்தை அரிசியில் எழுதியதை என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து போனில் பார்த்தான். வைஷ்ணவி போண்டா கொடுத்தாள், சாப்பிடவில்லை. நவம்பரில் புகை மூட்டம் வந்து ஆடிட்டோரியத்தை மூடினார்கள். நாடகம் ஜனவரி பதினெட்டுக்குத் தள்ளிப்போனது. புகைக்கு நான் என்ன செய்ய முடியும், சார்.

ஜனவரியில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பையன் ஆறு கிலோ இளைத்திருந்தான். வேட்டி நிற்காமல் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தான். கூலரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "என்னைய ஊருக்கு அனுப்பிடாதீங்க மாமா" என்று சொல்லும் இடத்தில் வசனம் முடியவில்லை, நிஜமாகவே அழுதுவிட்டான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா. மறுநாளே நோய்டாவிலும் குர்கானிலும் கூப்பிட்டார்கள்.

பாஸை அன்றே கொடுத்திருக்கலாம். நோய்டா தேதி பிப்ரவரி இருபத்திரண்டு, அது முடியட்டும் என்று இருந்தேன். நடுவில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. வேலை போய்விடும் என்று அலுவலகத்தில் யாரோ அவனைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். இரண்டு தடவை கேட்டான்.

"மாமா, இப்பக் குடுத்துடலாமா?"

"ஜல்தி பண்ணாதே. நான் இருக்கேன்ல."

இருபதாம் தேதி காலை பால் எடுக்கக் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பை. மாப்பிள்ளை வேட்டி, சட்டை, அங்கவஸ்திரம், எல்லாம் துவைத்து இஸ்திரி போட்டிருந்தது. மேலே ஒரு சீட்டு. "மாமா, நோய்டாவுக்கு வர முடியாது. மன்னிச்சுக்குங்க." பொறுப்பான பையன், சார். பதினோரு மணிக்கு யமுனையிலிருந்து எடுத்தார்கள். நான் அன்று முழுக்க அழுதேன். அந்த ரோலை வேறு யார் செய்ய முடியும்.

சுபாஷிணி அவன் சாமான்களை எடுத்துப் போக வந்தபோது குழந்தையையும் கூட்டி வந்தாள். வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. ஒத்திகையில் அவனும் குறிப்பெல்லாம் பென்சிலால் எழுதியிருந்த என் நாடகப் பிரதியை ஞாபகமாக இருக்கட்டும் என்று கொடுத்தேன். உள்ளே வைத்தது மறந்தே போய்விட்டது. அவள் பிரித்ததும் மூன்று பாஸும் மடியில் விழுந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் படித்தாள். கடைசியில் இருந்தது குழந்தையுடையது.

"மாமா, இத ஆபீஸ்ல குடுக்கவே இல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது வேறு.

"நோய்டா ஷோ முடியட்டும்னு இருந்தேம்மா."

மூன்றையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நேரே உங்களிடம் வந்துவிட்டாள். அவள் மீது எனக்கு வருத்தமில்லை. குழந்தை அவள் போனைப் பிடுங்கிக் காதில் வைத்து அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே படி இறங்கியது. அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

ஆமாம், எல்லாம் நான்தான். எங்கே வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் கஷ்டப்பட வேண்டாம், பேப்பரைக் கொடுங்கள், நானே நன்றாக டிராஃப்ட் செய்து தருகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் உயிரை நான் கேட்கவில்லை. கேட்டது நாற்பத்தேழு நாள்.

நோய்டாக்காரர்கள் நல்லவர்கள், தேதியை ஏப்ரல் பன்னிரண்டுக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்குள் எனக்கு ஜாமீன் கிடைத்துவிடும், வக்கீல் சொன்னார். மாப்பிள்ளை ரோல்தான் காலியாக இருக்கிறது. நீங்கள் மதுரையிலிருந்து டெபுடேஷனில் வந்திருப்பதாகவும், மார்ச் கடைசியில் அது முடிவதாகவும், வீட்டில் பிள்ளைகள் நாள் எண்ணிக்கொண்டிருப்பதாகவும் டீ குடிக்கும்போது சொன்னீர்கள். இந்தக் குரலை வைத்துக்கொண்டு அவ்வளவு அவசரமாக ஊருக்குப் போக வேண்டுமா என்ன.

உங்கள் ரிலீவிங் ஆர்டர் எந்த அலுவலகத்திலிருந்து வரும், சார்?