எண்ணெயும் அமீருதீன் பாயின் குரலும்

இக்காலத்தில் ஒரு மனிதன் வேலையில் இருக்கும்வரை ஏசுகிறார்கள். விடைபெறும் நாளில் மாலை போட்டு மூச்சை அடைக்கிறார்கள். நேற்றுவரை முகம் கொடுக்காதவர்களும் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது கிடக்கட்டும்.

அலைக்கு அஞ்சாத அண்ணலே! இராயபுரத்துக் கரை அறிந்த இடிக்குரலே! இழுவைக் கப்பலை இளங்கன்றுபோல் ஏவிய எங்கள் சாரங்கு அமீருதீன் பாய் அவர்களே! வணக்கம்.

சென்ற வாரத் தேநீர் விருந்தில் மேலதிகாரி தங்களை, 'கொந்தளிக்கும் நீரில் எண்ணெய் ஊற்றியவர்' என்று ஆங்கில வழக்கொன்று சொல்லிப் புகழ்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள், நான் மட்டும் பொருள் கேட்டேன். புயலில் கப்பற்காரர்கள் எண்ணெய் ஊற்றி அலையைத் தணிப்பார்களாம். அதை வைத்துச் சண்டை தீர்ப்பவரையும் அப்படிச் சொல்லலாயிற்றாம். தங்களுக்கு வாசித்தளிக்கும் இப்பிரிவு மடலிலும் அதைச் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தாயிற்று. நடந்ததையும் சேர்க்கிறேன்.

அந்த ஐப்பசிப் புயலில், கயிறு அறுந்த சரக்குப் படகொன்று அதன் ஆட்களான ஜேக்கப்பையும் ராமதாஸையும் சுமந்துகொண்டு அலைதடுப்புக் கற்களை நோக்கிப் போனது. போகாதீர்கள் என்று எல்லோரும் தடுக்க, தாங்கள் கப்பலைத் திருப்பினீர்கள். மீனெண்ணெயில் ஊறிய கோணியைக் காற்றடிக்கும் பக்கம் தொங்கவிட்டவன் நான். நுரை அடங்கியது, மெய்தான். படகிலிருந்த இருவரும் அடங்கினார்களா? நாம் வீசிய கயிற்றை யார் கட்டுவது என்று அடித்துக்கொண்டார்கள்.

"நீ கட்டினா நிக்காதுடா, வுடு!" என்றார் ஜேக்கப்.

"உன் முடிச்சு லட்சணம் ஊருக்கே தெரியும், போடா!" என்றார் ராமதாஸ்.

கல் நெருங்கியது. அப்போது எழுந்தது தங்கள் குரல்:

"டேய் பேமானிங்களா! ஒருத்தன் கட்டு, ஒருத்தன் புடி! சண்டைய கரையில வெச்சுக்கோ, நானே கூட்டம் சேத்து வுடறேன்!"

கட்டினார்கள், பிழைத்தார்கள். கரையேறி நடுங்கி நின்றவர்கள் முன் அந்த எண்ணெய்க் கோணியைப் போட்டு உட்கார்ந்து, "ம், ஆரம்பிங்க நைனா, பாத்துக்கினு கீறேன்" என்று, சொன்ன சொல் தவறாது நின்ற தூயவரே! அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்றும் இத்துறைமுகத்தில் உண்டு. தங்கள் தோளில் கிடக்கும் இந்த மாலையை இருவரும் சேர்ந்தே கட்டினார்கள். முடிச்சு யாருடையது என்று வழிநெடுகச் சண்டை.

அப்படிப்பட்ட தங்களோடு ஒரே தளத்தில் நின்றோம் என்பதே எங்கள் பெருமை. உடல் நலமும் உரத்த குரலும் குன்றாமல், பேரப்பிள்ளைகளின் சண்டைகளையும் பார்த்துக்கொண்டு பல்லாண்டு வாழ்க!

எண்ணெய் விட்டவன் நான். அது கடலோடு நின்றது. மனிதரை அடக்கியது தாங்கள். இரண்டும் ஒன்றுதான் என்கிறார் மேலதிகாரி. படித்தவர், சொல்லட்டும். இம்மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். அவர் சொன்னதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கப்பலில் வேலை கிடக்கிறது, நான் போகிறேன்.

இழுவைக் கப்பல் தொழிலாளர் அனைவருக்காகவும்,
அருள்நாதன்
இராயபுரம், 1954