இடது கைநாட்டு

மணி ஏழு பத்து. மலாக்கா பக்கம் மெர்லிமாவிலிருந்து உள்ளே திரும்புகிற ரோடு... இரண்டு பக்கமும் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மோட்டார் சைக்கிள் விளக்கு விழுகிற தூரம்தான் ரோடு. அதற்கு அப்பால் ரோடு இருக்கிறது என்பது வெறும் நம்பிக்கை.

மோட்டாரில் போனவன் வசந்தன். நம்ம கணேஸ்வரனின் மச்சான். கணேஸ்வரன் பொய் சொல்லுவான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்லும்போது அவன் டீ ஆறிப்போனது... தொடவே இல்லை.

அரசாங்க மலிவுவிலை அடுக்குமாடிகளில் பாதுகாப்புச் சோதனைக்குப் போகிற காண்ட்ராக்ட் வேலை வசந்தனுக்கு. வருடத்துக்கு ஒருமுறை. நெருப்பு வந்தால் ஓடுவதற்கு ஒவ்வொரு மாடியிலும் பின்படிக்கட்டு, அதற்கு ஓர் இரும்புக் கேட். வீட்டுக்காரர் கண்முன் அதைத் திறந்து காட்டி, பாரத்தில், அதாவது சோதனைப் படிவத்தில், கையெழுத்து வாங்க வேண்டும். இதுதான் சட்டம்.

கேட் திறக்காது. கேஸ் சிலிண்டர் திருட்டுப் போகிறதென்று குடியிருக்கிற சனங்களே பூட்டுப் போட்டிருந்தார்கள். அதைக் கழற்றச் சொல்லிச் சண்டை பிடிக்க வசந்தனுக்கு என்ன தலையெழுத்தா? கீழே பாக்கியலட்சுமி அக்காவின் வடைக்கடையில் உட்கார்ந்து, 'திறக்கிறது' என்று வரிசையாக டிக் அடிப்பான். வடைக்கு இறங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ரப்பர் தோட்டம் மூடியதால் இங்கே வந்த பழைய ஆட்கள் கைநாட்டு வைப்பார்கள். இறங்காதவர்களுக்கு... அவனுக்கும்தான் ஓர் இடது கட்டைவிரல் இருக்கிறதே. விரலில் பேரா எழுதியிருக்கிறது?

போன வருடம் ஐந்தாம் மாடி நாலாம் வீடு, முனியம்மா என்ற கட்டத்தில் இருந்தது அவன் விரல்தான். அதற்கப்புறம் அந்த பிளாக்கில் வயர் புகைந்து ஒரு பொம்பளை போய்விட்டாள் என்று காதில் விழுந்தது. ஆஸ்துமா என்றார்கள். எந்த வீடு என்று அவன் கேட்கவில்லை. விலை கேட்டால்தானே வாங்க வேண்டும்.

இந்த வருடம் ஆபீசுக்குச் சந்தேகம். கைநாட்டு வீடுகளுக்கு நேரிலேயே போய் விசாரிப்பார்கள் என்று பேச்சு. காலையில் பாரம் போகாவிட்டால் காண்ட்ராக்டும் போச்சு. பாக்கி ஒரே வீடு. ஐந்து நாலு. முதல்முறையாக மாடி ஏறினான்.

மூன்றாம் மாடிவரை கருவாடு பொரிகிற வாசம். நாலில் சாம்பிராணி. ஐந்தில் ஒன்றுமே இல்லை... பிறகு லேசாக, கருகின வயர்.

டொக். டொக். டொக்.

நிறுத்தம்.

டொக். டொக். டொக்.

நடைபாதைக் கடைசியில், கேட்டுக்கு முன்னால் கைலி கட்டிய ஒரு குள்ளமான பொம்பளை. முதுகு இந்தப் பக்கம். விரல் முட்டியால் பூட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். வசந்தனுக்கு உடனே சந்தேகம். யாரோ அரசாங்க வீட்டை உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், ஆள் மாட்டிக்கொண்டது என்று நினைத்தான்.

"எந்த வீடுக்கா நீங்க?"

"அஞ்சு நாலுதான் தம்பி."

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. ஊதா மைப்பெட்டியைத் திறந்தான். அவள் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"போன வருசம் எந்தக் கை வச்சேன் தம்பி?"

"இடது," என்றான்.

இடது கையைக் கொடுத்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. மையில் ஒற்றி, பாரத்தில் அழுத்தினான்.

"கேட்டத் தொறந்து பாக்கலையா?"

"அடுத்த வருசம் பாக்கலாம்லா அக்கா."

இறங்கும்போது மறுபடியும் டொக், டொக், டொக்... கீழ்மாடிவரை கூடவே வந்தது.

வடைக்கடையில் பாரத்தை ஆட்டிக் காட்டி, ஐந்து நாலும் முடிந்தது என்றான். பாக்கியலட்சுமி அக்கா அடுப்பை அணைத்தாள்.

"முனியம்மா போயி எட்டு மாசமாச்சு தம்பி. அந்த கேட்டுகிட்டதான் கெடந்தாங்க. விரல் முட்டியில தோலே இல்ல."

வசந்தன் பாரத்தைப் பார்த்தான். சின்ன வயதில் தகர டின் கிழித்த தழும்பு குறுக்கே ஓடுகிற கைநாட்டு. அது அவனுடையது. தன் இடது விரலை விளக்கில் பிடித்துப் பார்த்தான். ரேகையும் இல்லை, தழும்பும் இல்லை. இஸ்திரி போட்ட மாதிரி வழவழப்பு.

நாமாக இருந்தால் அந்தப் பாரத்தைக் கிழித்திருப்போம். அவன் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தான். 'திறக்கிறது.' விசாரிக்க யாரும் வரவில்லை. காண்ட்ராக்டும் கிடைத்தது.

அவன் ஆபீஸ் கதவுக்கு, உள்ளே வரவும் வெளியே போகவும், விரல்தான் சாவி. பதிந்து வைத்திருந்தது இடது கட்டைவிரல். அன்றிலிருந்து சிவப்பு விளக்குத்தான். தோல் அலர்ஜி என்று சொல்லி, யாராவது போகும்போது ஒட்டிக்கொண்டு போய் வந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவன் கழிவறையிலிருந்து வந்தபோது மணி ஏழு பத்து. கருகின வயர் வாசம். விரலை வைத்தான், சிவப்பு. துடைத்து வைத்தான், சிவப்பு. கூரை ஓரமாகப் புகை இறங்கியது. கண்ணாடிக் கதவை முட்டியால் தட்டினான்... மூன்று. நிறுத்தினான். மறுபடி மூன்று.

வெளியே கைலியின் ஓரம் தெரிந்தது.

"அடுத்த வருசம் பாக்கலாம் தம்பி."

வாசம் பிடித்து ஓடிவந்த காவலாளி நாற்காலியால் பக்கத்துக் கண்ணாடியை உடைத்து இவனை இழுத்துப் போட்டார். உயிர் தப்பியது. வெளியில் யாரையும் பார்க்கவில்லை என்று காவலாளி சத்தியம் பண்ணுகிறார்.

ஆனால் அந்தக் கதவில், வெளிப்பக்கமாக, ஒரு குள்ளமான பொம்பளையின் கை எட்டுகிற உயரத்தில்... ஊதா மையில் ஒரு கைநாட்டு. ஈரம்கூடக் காயவில்லை.

குறுக்கே, தழும்பு.