ஓடப் போகும்போது ஒரு பை

வத்தேகம போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். சன்னல் பக்கம் இருந்த இளையவர் சொன்னார்:

“வெறும் பையைக் கையில குடுத்துத்தான்க்கா மகள ஓட விடுறேன்.”

இதைக் கேட்டபின் யாருக்குப் பாட்டு வேண்டும்? இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

“வெறும் பையா? எதுக்கு?”

“பதினாறு வயசுப் புள்ள, மாசக்கணக்கா செவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்துச்சு. கிளினிக்ல மனச்சோர்வுன்னாங்க. வாராவாரம் பேச வரச்சொல்லி, தெனமும் ஓடவும் சொன்னாங்க. மொத நாளு ரோட்டுல ஓடுனா, தோட்டத்து லயத்து வீடுகள்ல இருந்து எல்லாரும் வெளிய வந்து, ‘என்னாச்சு, யாருக்கு என்ன’ன்னு கேட்டுட்டாங்க. அழுதுகிட்டே திரும்பி வந்துருச்சு.”

“நம்ம பக்கம் சும்மா யாரு ஓடுவா?”

“அதான் பை. பை இருந்தா கடைக்குப் போகுதுன்னு விட்டுர்றாங்க.”

“இப்ப எப்படி இருக்கு?”

“நல்லா சாப்புடுது. சில நாளு இன்னும் எழும்பாது.”

பஸ் வளைவில் திரும்பியது. இளையவர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்குக் காலையில பாத்தா, பை ஆணியிலயே தொங்குது. ‘புள்ள, பைய விட்டுட்டுப் போற’ன்னு கூப்பிட்டேன். ‘வேணாம்மா. யாராச்சும் கேட்டா, ஓடுறேன்னு சொல்லிக்கிறேன்’னுச்சு.”