திரும்பப் பெற்ற கட்டுரைக்கு ஒரு பாராட்டு விழா

மைக் அலறினாலும் முகம் மாறாமல் அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முன்னதாகவே பிடித்துவிட்ட மூத்தோர்களே! பிள்ளைகளையும் வளர்த்து, அவர்கள் பாடத்தையும் சேர்த்துப் படித்துக் களைத்த தாய்மார்களே! கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் மருந்துக்கடைக்காரரே! மேடையேற மறுத்து, தகப்பனாருக்குப் பக்கத்தில் தலை கவிழ்ந்திருக்கும் என் அக்காள் மகளே! அனைவருக்கும் இந்தத் தாய்மாமனின் தலைதாழ்ந்த வணக்கம்.

வேதியியல் எனக்கு வேர் முதல் நுனி வரை தெரியும். எட்டாம் வகுப்புக்கு மேல் என்னைத் தாங்கத்தான் பள்ளிக்கூடத்துக்குத் தெம்பில்லை. மருந்துக்கடைக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், பாவம், படித்தவர்.

என் அக்காள் மகள் கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறவள். எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் முப்பதுக்கு மேல். நான் நாற்பது என்றுதான் சொல்லி வருகிறேன், இனி எழுதப்போவதையும் சேர்த்து. அவற்றை உலக அறிஞர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்? ஆயிரம் முறை! மேற்கோள் என்றால் என்ன? புது இடத்தில் வழி கேட்டவன், "மருந்துக்கடைக்காரர் சொன்னாருங்க, இந்தச் சந்துல திரும்பணுமாம்" என்று, வழி காட்டியவர் பெயரைச் சொல்லிக்கொண்டே நடக்கிறானே, அதுதான் மேற்கோள்.

அந்த ஆயிரத்தில் பாதி ஒரே கட்டுரைக்கு. விலையுயர்ந்த உலோகம் சேர்த்தால்தான் நடக்கும் என்றிருந்த ஒரு வேதிவினையை, உலோகமே இல்லாமல் நடத்திக் காட்டினாள். அந்தக் கட்டுரையை நம்பித்தான் பேராசிரியர் பதவிக்கு அவள் பெயர் போயிருந்தது. அதைக் கொண்டாடத்தான் இந்த விழாவும் ஏற்பாடானது.

அப்போது விழுந்தது இடி. எந்த அளவில்? மாத்திரை அளவில்!

குடுவைக்குள் கிடந்து சுழன்று திரவத்தைக் கலக்குமே ஒரு காந்தத் துண்டு, வெள்ளைப் பூச்சுப் போட்டது, அதுதான். பழையது தேய்ந்துவிட்டதென்று புதியதைப் போட்டாள். வினை நடக்கவில்லை. பழையதைப் போட்டாள். நடந்தது. மறுபடி புதியது, மறுபடி மௌனம். அழைப்பிதழோடு நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது, அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உலோகம் இல்லைன்னு எழுதினேன் மாமா. இருந்திருக்கு. இந்தக் கீறல்ல. முன்னாடி யாரோ செஞ்ச வேலையில ஒட்டினது, எத்தனை கழுவியும் போகல."

அன்று வீடு வழக்குமன்றம் ஆனது. என் மச்சான், அவள் தகப்பனார், நேர்மையானவர். பொய் சொல்லச் சொல்லவில்லை, பொறுத்துச் சொல்லச் சொன்னார். "இன்டர்வியூ முடியட்டும்மா. ஒரே ஒரு மாசம். அப்புறம் எழுதிக்கோ."

"அந்த ஒரு மாசமும் இதை நம்பி யாராச்சும் செஞ்சுக்கிட்டே இருப்பாங்கப்பா. வரலைன்னா என்னையா திட்டுவாங்க? தன்னைத்தான் திட்டிக்குவாங்க."

மச்சான் எழுந்து உள்ளே போய்விட்டார். அதன்பிறகு அவளோடு பேசவும் இல்லை. கட்டுரை தவறு, திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்கு எழுதி அனுப்பிவிட்டாள். பதவி வேறொருவருக்குப் போனது. தாய்மார்கள் உச்சுக்கொட்டுவது கேட்கிறது. நானும் கொட்டினேன், மூன்று தெருவுக்குக் கேட்கும்படி. சங்கச் செயலாளர் வந்து, விழாவைத் தள்ளிவைக்கலாமா என்று நாசூக்காகக் கேட்டார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அந்த வாரமே, நான் பக்கத்தில் இருக்கும்போது, அக்காள் மகளுக்கு ஒரு போன் வந்தது. ஏழு கடலுக்கு அப்பாலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்களேன். பேசியது ஓர் ஆராய்ச்சி மாணவி. பேச்சு எனக்குப் புரியவில்லை, அழுகை புரிந்தது. மீதியை அக்காள் மகள் பிறகு சொன்னாள். அந்தக் கட்டுரையில் உள்ளபடியே இரண்டு வருடம் செய்து பார்த்திருக்கிறாள் அந்தப் பெண். ஒருமுறைகூட வரவில்லை. சோதனை செய்யும் கையே உனக்கு இல்லை என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். படிப்பை விட்டுவிடும் முடிவில் இருந்தவள், திரும்பப் பெற்ற செய்தியைப் படித்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்கக் கூப்பிட்டாள். அப்படியென்றால் பிழை என் கையில் இல்லையா?

இவள் சொன்ன பதிலைத் தமிழில் சொல்கிறேன். "உன் கை நல்ல கைம்மா. உன் குடுவை சுத்தமா இருந்துச்சு. அதனாலதான் வரல."

பெரியோர்களே! மேற்கோள்களை எண்ணிக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டர் இந்த ஒரு வார்த்தையை எந்தக் கணக்கில் ஏற்றும்? எந்தக் குழு இதற்கு மதிப்பெண் போடும்? அந்தப் பெண் மறுநாளே ஆய்வகத்துக்குத் திரும்பிவிட்டாள். உலகத்தின் எந்தப் பட்டியலிலாவது இது வருமா? எனக்குத் தெரிந்து வராது. எனக்குத் தெரியாதது குறைவு.

ஆகவே செயலாளர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். விழா நடக்கும். கொண்டாடும் காரணம் மட்டும் வேறு.

அம்மா, மேடைக்கு வா. ஆயிரம் பேர் எடுத்துச் சொன்னதற்காகக் கூப்பிடவில்லை. நீயே எழுந்து நின்று ஒன்றைத் தவறென்று சொன்னாயே, அதற்காகக் கூப்பிடுகிறேன். வெட்கப்படாதே, வா. அதோ... மச்சான் எழுந்துவிட்டார். மகள் கையைப் பிடித்து அவரே கூட்டி வருகிறார்.

இனி என் பேச்சு எதற்கு? உங்கள் கைகளுக்கு வேலை வந்துவிட்டது. பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கெல்லாம் என் நன்றி. வணக்கம்.