பந்தல் எலுமிச்சை

பாறசாலையைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரி உண்ணாவிரதம் இருப்பவரின் மனைவியிடம், நர்ஸாக இருக்கும் தங்கை பனச்சமூடு பஸ்ஸில் சொன்னாள்:

“அத்தான் இப்போ சொந்த எலும்பத் தின்னுட்டு இருக்காரு அக்கா.”

“என்னட்டி சொல்லுத?”

“மூளைக்கும் நரம்புக்கும் பாஸ்பரஸ் சேர்ந்த கொழுப்பு வேணும். சாப்பாட்டுல பாஸ்பரஸ் வரல்லேன்னா உடம்பு எலும்புல இருந்து எடுத்துக்கிடும். மஞ்சக்கருவுல அந்தக் கொழுப்பு நெறய உண்டு.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவரு பந்தல்ல கெடக்க கெடப்பப் பாத்து, நேத்தே எலுமிச்ச வெள்ளத்துல மஞ்சக்கரு அடிச்சுக் குடுத்தாச்சு.”

உண்ணாவிரத நடைமுறைப்படி எலுமிச்சையும் உப்பும் உணவல்ல. முட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது.

“ஐயோ! அத்தான் கண்டுபிடிக்கல்லியா?”

“ஒரே மூச்சுல குடிச்சாரு. ‘நல்ல சாதி எலுமிச்சையாக்கும். நாளைக்கும் இதே மரத்துல பறிச்சிட்டு வா’ன்னாரு.”